நாலு மணித்தியாலச் சோதனை

விமானம் விழுவதென்றால் கடலில் விழுவதுதான் நல்லது என்பது இரத்தினவேலின் கொள்கை. சென் ஜேம்ஸ் ரவுணில் பிறந்தநாளோ, புதுவீட்டுக் குடிபூரலோ, எங்கே நாலு பேர் கையில் பேப்பர் பிளேற்றோடு நின்றாலும் அவர் இதைச் சொல்லிவிடுவார். கேட்க ஆட்களும் இருந்தார்கள். அந்தத் தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் ஏதாவது ஒரு தமிழ் வீட்டுக்கு வாரத்துக்கு ஒருவர் விமானத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். அல்லது வரப்போகிறவரை நினைத்து யாராவது தூங்காமல் இருந்தார்கள்.

இரத்தினவேலின் பேச்சுக்கு மதிப்பு வந்ததற்குக் காரணம் அவருடைய வேலை. ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்கூடத்தில் ஏழு வருடமாக லைஃப் ஜக்கெற் பரிசோதிக்கிறார். விமானங்களில் சீற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் அந்த மஞ்சள் ஜக்கெற்றுகள் குறித்த காலத்துக்கு ஒருமுறை கழற்றப்பட்டு அங்கே வரும். காற்றடித்து, பார்த்து, மடித்து, திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே வேலை செய்த ஒரே தமிழர் அவர்தான். ஆகவே விமானங்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே தமிழரும் அவர்தான் என்று ஊர் முடிவு செய்திருந்தது. அவரும் மறுக்கவில்லை.

"தரையிலை என்ன இருக்கு? மலை, மரம், கட்டடம், கரண்ட் கம்பி. கடல்லை என்ன இருக்கு? ஒண்டுமில்லை. பாய் விரிச்ச மாதிரி. நெருப்புப் பிடிச்சாலும் அணைக்கத் தண்ணி பக்கத்திலையே நிக்குது. சீற்றுக்குக் கீழை என்ரை ஜக்கெற் கிடக்குது. வேறை என்ன வேணும்?"

இந்த இடத்தில் நீக்கிலாஸ் குறுக்கிடுவார். பாசையூர்க்காரர். மூன்று தலைமுறை கடல் தொழில். இங்கே ஒரு வெதுப்பகத்தில் மாப் பிசைகிறார்.

"அண்ணை, கடல் பாய் விரிச்ச மாதிரியெண்டு எங்கை பாத்தனீங்கள்? கலண்டரிலையோ?"

"நீக்கிலாஸ், உமக்குத் தெரிஞ்சது வள்ளம். நான் கதைக்கிறது பிளேன்."

"வேகமா விழுந்தா தண்ணியும் சீமெந்தும் ஒண்டுதான். பதினாலு வயசிலை பண்ணைப் பாலத்திலையிருந்து வயிறு அடிபடக் குதிச்சனான். மூண்டு நாள் சிவப்புப் போகேல்லை. நான் நாற்பது கிலோ. உது எத்தினை தொன்?"

"பைலற் என்ன உம்மைப்போலை வயிறடிக்கவே குதிக்கிறான்? வாலைப் பதிச்சு மெல்ல வழுக்கி விடுவான்."

"அலைக்கு ஆர் சொல்லுறது, பைலற் வாறான், கொஞ்சம் படுத்திரு எண்டு? ஒரு செட்டை அலையிலை தட்டினாக் காணும், கரணம்தான். தரையெண்டா ஓடுபாதை இருக்கு, நெருப்பணைக்கிற வண்டி நிக்கும், அம்புலன்ஸ் நிக்கும். கடல்லை வரவேற்க ஆர் நிப்பினம்? அதை விடுங்கோ, உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"பிறகேன் ஜக்கெற்?"

எல்லோரும் சிரிப்பார்கள். இரத்தினவேல் கடற்கரையே இல்லாத சுன்னாகத்துக்காரர். முழங்காலுக்கு மேல் அவர் இறங்கிய தண்ணீர் கீரிமலைக் கேணி மட்டும்தான். ஆனாலும் வாக்குவாதத்தில் கடைசியில் வெல்வது அவர்தான். கடல் தெரிந்த மனிதன் தரை என்கிறான். கடல் தெரியாத மனிதர் கடல் என்கிறார். சம்பளம் வாங்கிக்கொண்டு கருத்துச் சொல்பவரைத்தானே சனம் நம்பும்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஜக்கெற்றில் காற்றை நிரப்பி, அமுக்கத்தை அளந்து எழுதி, கொடியில் தொங்கவிட வேண்டும். நாலு மணித்தியாலம் கழித்து மறுபடி அளந்து எழுத வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. குறையாவிட்டால் மடித்து, தன் முதலெழுத்தும் திகதியும் பொறித்த சீட்டைக் கட்டி, பெட்டிக்கு நாற்பதாக அடுக்க வேண்டும். இடையில் உள்ள நாலு மணித்தியாலத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. மஞ்சள் ஜக்கெற்றுகளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஏழு வருடமாக இரத்தினவேல் அப்படியே இருந்தார், ஒரு நாளைத் தவிர.

அது 1996 மார்ச் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். இலங்கை அணி ஆடுகிறது. அந்த ரீமின் ஆட்டத்தைப் பார்ப்பவன் தன்னைத் தமிழன் என்று சொல்லக்கூடாது என்று முந்தின வாரம்தான் இரத்தினவேல் ஒரு குடிபூரலில் முழங்கியிருந்தார். கூடியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். ஞாயிறு காலை அவர் மட்டும் ஓவர்ரைம். மேற்பார்க்கும் போமன் இல்லை. ஏழு மணிக்கு மூன்று பெட்டி ஜக்கெற், நூற்றிருபது, கொடியில் ஏறிவிட்டது. அடுத்த அளவு பதினொரு மணிக்கு. அங்கே ஆட்டம் போய்க்கொண்டிருக்கிறது.

வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் காற்றுப் போகும் என்று இரத்தினவேல் தனக்குச் சொல்லிக்கொண்டார். பதினொரு மணி அளவை ஏழரைக்கே எழுதினார். சந்தேகம் வராமலிருக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறிது குறைத்தும் எழுதினார். அவசரமாகக் காற்றை இறக்கி, மடித்து, மூன்று பெட்டியையும் மூடிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு நீக்கிலாஸ் வீட்டுக்குப் பறந்தார். காசு கட்டிப் பார்க்கும் சனல் அங்கேதான் இருந்தது.

யன்னல் சீலையெல்லாம் இழுத்து மூடி, உள்ளே ஏழு பேர் சத்தமில்லாமல் இருந்தார்கள். முந்தின வாரம் தலையாட்டிய அதே ஏழு பேர்.

"என்ன அண்ணை, ஓவர்ரைம் எண்டியள்?" என்றார் நீக்கிலாஸ்.

"கெதியா முடிஞ்சுது. எத்தினை விக்கெற்?"

இலங்கை கிண்ணத்தை வென்றது. யாரும் கைதட்டவில்லை. ஆனால் நீக்கிலாஸ் எல்லோருக்கும் இரண்டு முறை தேநீர் ஊற்றினார்.

ஆறு மாதம் கழித்து, செப்ரெம்பர் முதல் வாரம், இரத்தினவேலும் மனைவி யோகராணியும் லண்டனுக்குப் புறப்பட்டார்கள். இரத்தினவேலின் தங்கை மகள் அட்சயாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தாய்மாமன் அவர் ஒருவர்தான். அதே விமானத்தில் லூர்து மாதா கோவிலுக்கு யாத்திரை போகும் தமிழ்க் கூட்டம் ஒன்றும் ஏறியது: அருள்மலர் ரீச்சர் தலைமையில் முப்பத்தெட்டுப் பேர், நீக்கிலாஸ் உட்பட. வாற்பக்கத்து நாற்பது இருக்கைகளும் தமிழர்களால் நிரம்பின.

பகல் விமானம். பணிப்பெண் ஜக்கெற்றை மாட்டிக் காட்டியபோது, "பட்டியை வடிவா இறுக்கேல்லை" என்று இரத்தினவேல் குறை சொன்னார். பின்வரிசையில் யாரோ மரியாதையாகச் சிரித்தார்கள்.

சாப்பாடு முடிந்தபின் அவர் கை பழக்கத்தில் தானாகவே சீற்றுக்கு அடியில் போயிற்று. உறையைத் தடவினார். மடிப்பு தன்னுடையது என்று விரலுக்குத் தெரிந்தது. பெருமையோடு குனிந்து, கண்ணாடியைப் போட்டுச் சீட்டை வாசித்தார்.

ஆர். வி. மார்ச் 17, 96.

நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். யோகராணியின் சீற்றுக்கு அடியிலும் அதே முதலெழுத்து, அதே திகதி. கைக்குட்டையைத் தவறவிட்டதுபோல நடித்து முன்வரிசையைப் பார்த்தார். அங்கேயும் அதுதான். பெட்டிக்கு நாற்பது, வாற்பக்கத்தில் நாற்பது இருக்கை.

"என்ன தேடுறியள்?" என்றார் யோகராணி.

"ஒண்டுமில்லை. ராணி, இப்ப கீழை என்ன? தரையோ, கடலோ?"

"காடு மாதிரிக் கிடக்கு. ஏன்?"

"கடல் எப்ப வரும்?"

"கடல்தான் நல்லதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்!"

இன்னும் ஒரு மணித்தியாலத்தில் தரை முடிந்துவிடும். அதன்பிறகு அயர்லாந்துவரை தண்ணீர். ஏறக்குறைய நாலு மணித்தியாலம். இரத்தினவேல் மெல்ல உறையைக் கிழித்து ஜக்கெற்றை மேற்சட்டைக்குள் செருகிக்கொண்டு கழிவறைக்குள் போய்த் தாளிட்டார்.

காற்றடிக்கும் இயந்திரம் அங்கே இல்லை. வாய்க்குழாயில் வாயை வைத்து ஊதினார். ஐம்பத்திரண்டு வயது, தலை சுற்றியது. கைகழுவும் சவர்க்காரத்தை நுரையாக்கி மடிப்போரம் முழுதும் பூசி, குமிழி வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். விமானத்தின் இரைச்சலில் குமிழிச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். காற்றை இறக்கினால் சோதனை வீண். நாலு மணித்தியாலம் வைத்திருந்துதான் பார்க்க வேண்டும். அதைக் கழுத்தில் மாட்டி, மேலே மேற்சட்டையை இழுத்துப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

நிறைமாத வயிற்றோடு இரத்தினவேல் நடைபாதையில் வருவதை முதலில் கண்டவர் அருள்மலர் ரீச்சர். கழுத்தடியில் மஞ்சள் தெரிந்தது.

"நீக்கிலாஸ்," என்றார் ரீச்சர் மெதுவாக, "உங்கடை அண்ணை லைஃப் ஜக்கெற் போட்டிருக்கிறார்."

நீக்கிலாஸ் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "உந்த மனிசன் சும்மா போடாது ரீச்சர். உந்த மனிசனுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு."

அந்த நேரம் பார்த்து விமானம் ஒருமுறை குலுங்கியது. வழக்கமான குலுக்கல்தான். ஆனால் விமானங்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே தமிழர் ஜக்கெற் போட்டிருக்கும்போது வழக்கமான குலுக்கல் என்று ஒன்று கிடையாது.

"பிள்ளையள், எல்லாரும் எடுத்துப் போடுங்கோ!" என்றார் ரீச்சர், பள்ளிக்கூடக் குரலில்.

"வேண்டாம்! ஒருத்தரும் தொடாதேங்கோ!" என்று இரத்தினவேல் கத்தினார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. முப்பத்தெட்டு உறைகள் கிழிந்தன. வெளியே போனபிறகுதான் காற்றை நிரப்ப வேண்டும் என்று பணிப்பெண் காட்டியதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. புஸ், புஸ், புஸ் என்று வரிசையாகச் சத்தம் கேட்டது. யோகராணி கடைசி ஆளாக, கணவரை முறைத்தபடி, தன் நாடாவையும் இழுத்தார். மஞ்சள் வீங்கியதில் ஒருவருக்கும் பக்கத்தில் இருப்பவர் தெரியவில்லை. யாரோ மாதா பிரார்த்தனையைத் தொடங்கினார்கள். யோகராணி அதற்குள் கந்தசஷ்டி கவசத்தைக் கலந்தார்.

பத்து நிமிடத்தில் விமானியின் குரல் ஒலித்தது. விமானத்தில் எந்தக் குறையும் இல்லை என்றார். ஆனால் ஆளுக்கொரு ஜக்கெற் இல்லாமல் கடலைக் கடக்கச் சட்டம் இடம்தராது. ஆகவே நியூபவுண்லாந்தில் இறங்குகிறோம் என்றார். அவர் குரலில் கனிவு இல்லை.

ஓடுபாதையின் இருபுறமும் நெருப்பணைக்கும் வண்டிகள் நின்றன. அம்புலன்ஸ் நின்றது. விமானம் ஒரு சிறு தட்டும் இல்லாமல் இறங்கியது.

"பாத்தியளோ அண்ணை," என்றார் நீக்கிலாஸ், ஜக்கெற்றுக்கு மேலால். "தரை."

மாற்று ஜக்கெற்றுகள் ரொறன்ரோவிலிருந்து வேறு விமானத்தில் வரவேண்டும், நாலைந்து மணித்தியாலம் ஆகும் என்றார்கள். எங்கிருந்து வரும் என்று இரத்தினவேல் கேட்கவில்லை. ரெக்ஸ்டேலிலிருந்துதான் வரும்.

எல்லோரையும் ஒரு மண்டபத்தில் இருத்தினார்கள். ஆட்கள் ஜக்கெற்றைக் கழற்றத் தொடங்கியதும் இரத்தினவேல் எழும்பி நின்றார்.

"காத்தைத் திறக்காதேங்கோ! அப்படியே கழற்றிக் கதிரையிலை கொழுவுங்கோ."

"ஏன் அண்ணை?"

"விதி."

இவ்வளவுக்குப் பிறகும் அவர் சொன்னதைக் கேட்டார்கள். நாற்பது கதிரைகளில் நாற்பது மஞ்சள் ஜக்கெற் தொங்கியது. சுவர் மணிக்கூட்டில் பகல் இரண்டு. இரத்தினவேல் அவற்றுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மார்ச் பதினேழில் இருந்திருக்க வேண்டிய இருப்பு.

ஒரு மணித்தியாலம் கழிந்தபின் நீக்கிலாஸ் வந்து பக்கத்தில் இருந்தார். கையில் ஒரு சீட்டு.

"அண்ணை, உதிலை மார்ச் பதினேழு எண்டு கிடக்கு."

இரத்தினவேல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஓவர்ரைம் கெதியா முடிஞ்சுதெண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

நீக்கிலாஸ் நாற்பது ஜக்கெற்றையும் ஒருமுறை பார்த்தார். "என்ரை தேத்தண்ணியைக் குடிக்கவே உதுகளை விட்டிட்டு வந்தனீங்கள்?"

"மற்ற ரெண்டு பெட்டி," என்றார் இரத்தினவேல். "எண்பது ஜக்கெற். இப்ப எந்தக் கடலுக்கு மேலை போகுதோ தெரியேல்லை."

ஆறு மணிக்கு அவர் எழுந்தார். ஒவ்வொரு கதிரையாகப் போய் இரண்டு விரலால் அமுக்கினார். கல்லுப்போல இருந்தது. அடுத்ததும் அப்படியே. இருபது, முப்பது, முப்பத்தொன்பது. அவருக்கு மூச்சு வந்தது. கடைசிக் கதிரையில் தொங்கியது வாழையிலை மாதிரி மடங்கிக் கிடந்தது.

அது யோகராணியின் கதிரை.

"ராணி, நீர் இதின்ரை காத்தைத் திறந்தனீரோ?"

"எங்கை திறக்கிறதெண்டே எனக்குத் தெரியாது. இழுக்கச் சொல்லிச்சினம், இழுத்தனான். ஏன், என்ன?"

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அதற்குள் விமானக் கம்பனி அதிகாரி ஒருவர் காகிதங்களோடு வந்தார். நல்ல மனிதர். எல்லாவற்றையும் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்: பயணி பறப்புக்குப் பயந்தவர், பதற்றத்தில் ஜக்கெற்றைத் திறந்துவிட்டார், எச்சரிக்கப்பட்டார். கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் அரை மணித்தியாலத்தில் லண்டனுக்குப் போகலாம். கல்யாணத்துக்குப் போகலாம். திரும்பி வந்து ரெக்ஸ்டேலில் வேலையும் செய்யலாம்.

இரத்தினவேல் பேனையை வாங்கினார். சரிபார்க்காமல் போட்ட கையெழுத்து ஏற்கெனவே நூற்றிருபது இருந்தது. பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.

தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று பெட்டி, நாலு மணித்தியாலம், எழுதிய பொய் அளவுகள், கதிரையில் தொங்கும் அந்த ஒன்று, வெளியே பறந்துகொண்டிருக்கும் எண்பது. அதிகாரியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்லப் போயிற்று.

"அன்றைக்கு அப்படி என்ன அவசரம்?"

"கிரிக்கெற்."

"அப்படியென்றால்?"

"பந்தும் மட்டையும். இறுதி ஆட்டம்."

அதிகாரிக்கு விளங்கவில்லை. "ஹொக்கி என்றாலும் பரவாயில்லை, எனக்கு விளங்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டு தொலைபேசியை எடுக்கப் போனார்.

சுற்றி நின்ற யாத்திரீகர்களுக்கு ஆங்கிலம் விளங்கியது.

"எங்களைக் கடல்லை தாட்டிட்டு மட்ச் பாக்கப் போனியளோ?" என்றார் ஒருவர். "அதுவும் அவங்கடை ரீமின்ரை மட்ச்சோ?"

"ரெண்டு விக்கெற் கெதியா விழுந்திட்டுது," என்றார் இரத்தினவேல் பரிதாபமாக. "நான் போகேக்கை அதுதான் நிலைமை."

"அதுக்குப் பிறகு நல்லா நிண்டு பிடிச்சவங்கள்தானே," என்று ஆறுதலாகச் சொன்னார் அருள்மலர் ரீச்சர். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ரீச்சர் செபமாலையை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு அந்த மண்டபத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

மாற்று ஜக்கெற்றுகள் வந்தன. இரத்தினவேலை ஏற்ற மறுத்துவிட்டார்கள். பரிசோதகர் ஒருவர் மறுநாள் வாக்குமூலம் எடுக்க வருவார் என்றார்கள்.

"அட்சயாவுக்கு நான் என்ன சொல்ல?" என்றார் யோகராணி. கண் கலங்கியிருந்தது. கோபம்தான் கூடுதல்.

"மாமா தரையிலை நிக்கிறார் எண்டு சொல்லும்."

"ஏழு வருசமா எல்லாரையும் கடல்லை விழுத்தினியள். கடைசியிலை என்னைத்தான் கண்டியளோ?" அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பத்தடி போய்த் திரும்பி வந்து, தன் கம்பளிச் சால்வையை அவர் மடியில் போட்டுவிட்டு மறுபடி போனார்.

மறுநாள் பரிசோதகர் வந்தார். எண்பது ஜக்கெற்றையும் ஒரே இரவில் இரண்டு விமானங்களிலிருந்து கழற்றிவிட்டார்கள் என்றார். அவற்றில் இரண்டு நாலு மணித்தியாலம் தாங்கவில்லை. இரத்தினவேலின் வேலை போய்விட்டது என்பதையும் அவரே சொன்னார். தொழிற்கூடத்திலிருந்து தகவல் வந்திருந்தது. கடைசியில் கைகொடுத்தார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். ரொறன்ரோவுக்குப் பின்னேரம் வேறு கம்பனி விமானம் ஒன்று இருக்கிறது, ஏற்றிவிடவா என்று கேட்டார்.

எந்தக் கம்பனி என்று இரத்தினவேல் கேட்டார். அவர்களுடைய ஜக்கெற்றுகள் எங்கே மடிக்கப்படுகின்றன என்பது அவருக்குத் தெரியும். தொழிற்கூடத்தில் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்த லியோ மடிப்பது. லியோவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காதலி உண்டு.

"நன்றி," என்றார் இரத்தினவேல். "நான் பஸ்ஸில் போகிறேன்."

பரிசோதகர் அவரை ஒரு கணம் பார்த்தார். "ஐயா, இது தீவு."

பஸ் ஒரு பகல் முழுதும் காட்டுக்குள்ளால் ஓடி அவரைக் கப்பல்துறையில் இறக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் தாலி கட்டி முடிந்திருக்கும். பெரிய வெள்ளைக் கப்பல், கீழே லொறிகளை விழுங்கிக்கொண்டு நின்றது. இரத்தினவேல் சால்வையைப் போர்த்தபடி மேல்தட்டில் ஒரு நீள மரவாங்கில் உட்கார்ந்திருந்தார். கரை மறைந்தது. கடல் பாய் விரித்த மாதிரி இல்லை. நீக்கிலாஸ் சொன்னது சரி.

பார்ப்பதில்லை என்று இரண்டு மணித்தியாலம் பொறுத்துக்கொண்டார். பிறகு கை வாங்குக்கு அடியில் போயிற்று. செம்மஞ்சள் ஜக்கெற். சீட்டு இருந்தது. கண்ணாடியைப் போட்டார். ரி. எம். ஜூன் 11, 94. பஞ்சு அடைத்தது, ஊதிப் பார்க்கக் குழாய் கிடையாது. மிதக்குமா என்று பார்க்க ஒரே வழி கடல்தான்.

பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கப்பல் ஊழியரிடம் கேட்டார். "மன்னிக்க வேணும். தொண்ணூற்று நாலு ஜூன் பதினொன்று என்ன நாள் என்று தெரியுமா?"

அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. "தெரியாமலா? சனிக்கிழமை. ஹொக்கி இறுதிப் போட்டி, ஆறாவது ஆட்டம். நாங்கள் ஒருவரும் அன்றைக்கு வேலையில் இல்லை!"

இரத்தினவேல் ஜக்கெற்றை மெல்லத் திரும்ப வைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

கரைக்கு இன்னும் நாலு மணித்தியாலம் இருந்தது.